கரை தெரிந்து புறப்படுவோம்!

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

பயணம் போகிறோம் என்று ஒருவர் சொன்னால், "என்னென்ன எடுத்துக்கொண்டு போகிறீர்கள்?" என்றுதான் மற்றவர் கேட்பார். பை, போர்வை, விளக்கு, தண்ணீர்க் குடுவை என்று பட்டியல் நீளும். "யார் யாரிடம் வழி கேட்டீர்கள்?" என்று கேட்பவர் அரிது. பொருள் சேர்ப்பதையே ஆயத்தம் என்று நினைக்கப் பழகிவிட்டோம். அந்த எண்ணம் தவறு என்பதை என் சொந்த அனுபவத்தில் உணர்ந்தேன். அதை நம் கல்லூரி மலரின் வாயிலாக உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு வகுப்புத் தோழர்கள் ஐவர் கூடி ஒரு திட்டம் தீட்டினோம். பழவேற்காட்டில் புறப்பட்டு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையோரமாகவே மிதிவண்டியில் சென்று, நான்கு நாட்களில் மரக்காணம் சேர வேண்டும் என்பது அத்திட்டம். நான் பழவேற்காட்டு ஏரியோரக் குப்பமொன்றில் பிறந்தவள். மற்ற நால்வரும் பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்தவர். கால்வாயை நாள்தோறும் பார்த்து வளர்ந்தவள் என்பதால் வழிகாட்டும் பொறுப்பை நானே துணிந்து ஏற்றுக்கொண்டேன். பார்ப்பது வேறு, தெரிந்திருப்பது வேறு என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

இக்கால்வாயின் வரலாறு நம்மில் பலர் அறியாதது. 1806-ஆம் ஆண்டில் பேசில் காக்ரேன் என்ற வணிகரின் முதலீட்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை இது வெட்டப்பட்டது. பிறகு பழவேற்காட்டு ஏரி வரை நீண்டது. 1837-இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் படிப்படியாக வளர்ந்து ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளம் பெற்றது. 1876 முதல் 1878 வரை மக்களை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர்ப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்த வயிறுகள் மண் சுமந்து வெட்டிய அக்கால்வாய்க்கு, அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் 1878-இல் சூட்டப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

சென்னைக்கு விறகும் உப்பும் நெல்லும் கிளிஞ்சலும் இவ்வழியேதான் வந்தன. பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களோடு இக்கால்வாயில் படகேறி மாமல்லபுரம் சென்ற அனுபவத்தை 'மாவலிபுரச் செலவு' என்று பாடி வைத்தார். 1965, 1966-ஆம் ஆண்டுப் புயல்களில் கரைகள் சிதைந்தன. லாரிகள் பெருகின. படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின.

இனி எங்கள் ஆயத்தத்திற்கு வருகிறேன். ஐவரும் ஒரு மாலைப்பொழுதில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பட்டியல் போட்டோம். பஞ்சர் ஒட்டும் சாமான்கள், கைப்பம்பு, இரண்டு உபரி டியூப், ஸ்பேனர், முதலுதவிப் பெட்டி, கூடாரம், மின்கலம் என்று எண்பது பொருள்கள் சேர்ந்தன. கைப்பேசியில் வரைபடம் இருக்கிறது, வழிக்குக் கவலை இல்லை என்றான் ஒரு தோழன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் தாத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, எந்தக் கரையில போகப் போறீங்க? கெழக்குக் கரையா, மேற்குக் கரையா?"

ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கால்வாய்க்கு இரண்டு கரை உண்டு என்பதையே நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை!

என் தாத்தா பதினான்கு வயதில் விறகுப் படகில் கயிறிழுக்கப் போனவர். அன்று அவர் சொன்னவை எந்தப் பாடநூலிலும் நான் படிக்காதவை. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கயிறுதான். கயிற்றைப் படகின் முனையில் கட்டமாட்டார்கள், பாய்மரத்தின் உயரத்தில் கட்டுவார்கள். அப்போதுதான் கரையிலுள்ள புதர்களில் கயிறு மாட்டாது, படகும் கரையில் போய் மோதாது. மறுமுனையை மார்பிலும் தோளிலும் வாங்கிக்கொண்டு இருவர் கரையில் நடப்பார்கள். ஒருவர் படகிலிருந்து திசை பிடிப்பார். எதிரே படகு வந்தால் ஒரு படகுக்காரர் கயிற்றைத் தளர்த்தி நீரில் அமிழவிட, மற்றது அதன் மேலே கடந்து போகும். வைகறையில் நடக்கத் தொடங்கினால் வெயில் ஏறும்வரை நடை, பிறகு நிழல், மீண்டும் மாலையில் நடை. "எங்க கால் போட்ட தடந்தான் அந்தப் பாதை" என்றார் தாத்தா. நாங்கள் மிதிவண்டி ஓட்ட விரும்பிய கரை, படகிழுத்த தொழிலாளரின் காலடியால் உண்டான பொதுவழி என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஆயினும் இளமைக்கே உரிய அவசரம் எங்களை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளோட்டம் புறப்பட்டோம். பழவேற்காட்டுக்குத் தெற்கே சிறிது தொலைவு கரை நன்றாகவே இருந்தது. பிறகு சீமைக்கருவேலம் வழியை மூடிக்கொண்டது. இரண்டு மணி நேரத்தில் மூன்று பஞ்சர். அதற்கப்பால் ஒரு கம்பிவேலி. வேலியைச் சுற்றிப் போனால், வரைபடத்தில் பாதையென்று கோடு இருந்த இடத்தில் இடுப்பளவு சேறும் நீரும் இருந்தன. திகைத்து நின்ற எங்களை, இறால் பிடித்துக்கொண்டிருந்த ஓர் இருளர் குலத்து அம்மா பார்த்துவிட்டார். வாயில் கவ்வியிருந்த ஓலைப்பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, "அங்க கரை இல்லம்மா, உடைஞ்சு ரொம்ப வருஷமாச்சு. இப்படித் திரும்பி வாங்க" என்று வழி காட்டினார். எண்பது பொருள்களில் ஒன்றுகூடச் செய்யாத உதவியை அந்த ஒரு வார்த்தை செய்தது.

அன்றிரவு பட்டியலைக் கிழித்துப் போட்டேன். புதிதாக ஒரு நோட்டுப்புத்தகம் எடுத்துக் 'கரை ஏடு' என்று பெயரிட்டேன். அதன்பின் நாங்கள் கற்றுக்கொண்டவற்றுள் சிலவற்றை, பின்னால் வரும் தம்பி தங்கையருக்குப் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

முதலாவது, காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஆரணியாறும் கொசத்தலையாறும் பெருகும்போது கரை என்பதே கண்ணுக்குத் தெரியாது. சித்திரை, வைகாசியில் ஏரி வற்றிக் காற்றிலேயே உப்புக் கரிக்கும், வெயில் ஆளைச் சாய்த்துவிடும். தை, மாசியே தக்க காலம். ஏரியில் பூநாரைகள் நிறைந்திருக்கும் காலமும் அதுவே. அப்போது வாடை வீசுவதால் வடக்கிலிருந்து தெற்கே செல்பவருக்குக் காற்று முதுகைத் தள்ளும். தெற்கிலிருந்து வருபவருக்கு அதே காற்று நெஞ்சை அடைக்கும். பாய் விரித்த படகோட்டிகள் பார்த்த கணக்கு மிதிவண்டிக்கும் பொருந்துகிறது.

இரண்டாவது, நீர். கால்வாய் நெடுக நீர் இருந்தும் குடிக்க ஒரு மிடறு கிடையாது. முகத்துவாரங்கள் வழியே கடல்நீர் ஏறி இறங்கும் கால்வாய் இது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் கூடுதலாக ஏறித் தாழ்ந்த கரைகளை நனைக்கும். ஆகையால் நாட்காட்டியைப் பார்த்தே நாளைக் குறிக்க வேண்டும். நல்ல தண்ணீர் எந்தக் குப்பத்தில் கிடைக்கும், எந்த நேரத்தில் குழாயில் வரும் என்பதை முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வண்டி. விலை உயர்ந்த கியர் வண்டி வேண்டுமென்று எண்ண வேண்டாம். அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் நமக்குக் கிடைத்த விலையில்லா மிதிவண்டியே போதும். உப்புக்காற்றில் செயினும் நட்டுகளும் ஒரே இரவில் துருப்பிடிக்கும். மாலைதோறும் துணியால் துடைத்து எண்ணெய் விட வேண்டும். கருவேல முள்ளுக்கு அஞ்சி, ஒட்டுப்போடும் சாமான்களை ஒவ்வொருவரும் தனித்தனியே வைத்திருக்க வேண்டும். ஒட்டுப்போடக் கடைக்காரரை நம்பாமல் தாமே பழகியிருக்க வேண்டும். கடையில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒரு மாலை முழுவதும் பொறுமையாக உட்கார்ந்திருந்தார், காசு வாங்கவில்லை.

நான்காவது, தடைசெய்யப்பட்ட இடங்கள். ஏரிக்கு வடக்கே கால்வாய் ஸ்ரீஹரிகோட்டாத் தீவை ஒட்டிச் செல்கிறது. 1971 முதல் அங்கே ராக்கெட் ஏவுதளம் இயங்கி வருவதால் அந்நியர் நுழைய முடியாது. அங்கே ராக்கெட் ஏவும் நாட்களில் எங்கள் குப்பத்தாரே கடலுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கப்படுவர். தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையப் பகுதியிலும் அவ்வாறே சாலைக்கு ஒதுங்கிச் செல்ல வேண்டும். சென்னை நகருக்குள்ளோ கால்வாயின் மேலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் எழுப்பப்பட்டுவிட்டன. 1995-இல் சேப்பாக்கம் வரையிலும் 1997-இல் மயிலை வரையிலும் அந்த ரயில் ஓடத் தொடங்கியது. அங்கே கரையைத் தேடுவது வீண், தெருவில்தான் போக வேண்டும். இவற்றை அறியாமல் "கரையோரமாகவே போவோம்" என்று முழங்கிய எங்கள் முதல் திட்டத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

ஐந்தாவது, நடத்தை. இதையே தலையாயதாக நான் கருதுகிறேன். கரை என்பது நமக்குப் பாதை, குப்பத்தாருக்கு அதுவே வீட்டு முற்றம். அங்கேதான் வலை பழுது பார்ப்பார்கள், இறால் உலர்த்துவார்கள். அவற்றின் மேல் வண்டியை ஏற்றிவிட்டு "மன்னிக்கணும் அண்ணே" என்று சொல்வதால் அறுந்த வலை சேராது. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்ற பழைய முறை ஒன்று உண்டு. இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு ஒதுக்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. அம்முறையில் பங்கில்லாத இருளர் மக்கள் கையால் துழாவியே இறாலும் நண்டும் பிடித்து வாழ்கின்றனர். ஒருவர் முறையில் மற்றவர் குறுக்கிடக் கூடாது என்பதை எங்கள் ஊரில் சிறு பிள்ளையும் அறியும். படகில் மிதிவண்டியை ஏற்றி முகத்துவாரத்தைக் கடக்க வேண்டுமானால், தொழில் முடிந்து அவர்கள் ஓய்ந்த நேரம் பார்த்துக் கேட்க வேண்டும், உரிய கூலியைத் தர வேண்டும். இரவு தங்க வேண்டுமானால் ஊர்ப் பெரியவர்களிடம் முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும். அவர்கள் சரி என்று சொன்னால் கூடாரமே தேவைப்படாது!

இவ்வளவு சொன்ன பிறகும் சிலர் கேட்கிறார்கள்: "நாறும் கால்வாயில் பார்க்க என்ன இருக்கிறது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுகமாகப் போகலாமே!" நியாயமான கேள்விதான். எண்ணூரை நெருங்க நெருங்கச் சாம்பல் படிந்த நீரைப் பார்க்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியதையும், அங்குள்ள மீனவர்களின் படகும் வலையும் பாழானதையும் நாம் மறக்கவில்லை. ஆனால் நாறுகிறது என்று எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டதால்தானே அது இன்னும் நாறுகிறது? 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, கரையேறிய கடல்நீரைத் தன்னுள் வாங்கி உட்பகுதி ஊர்களைப் பல இடங்களில் காத்தது இதே கால்வாய்தான். 2008-இல் இதனைத் தேசிய நீர்வழி எண் 4-இன் பகுதியாகச் சட்டமியற்றி அறிவித்தார்கள். சட்டத்தில் நீர்வழி, கண்முன்னே முள்வேலி. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்து சொல்ல யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டாமா?

"பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு என் ஆயாவே விடை. தலையில் மீன்கூடையோடு இதே கரையில் இருட்டோடு புறப்பட்டு நடந்து சந்தைக்குப் போய் வந்தவர் அவர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதை நாடே வியந்து பார்த்தது. அவர்கள் மிதித்துக் காட்டிய வழியில் இன்று நாங்கள் நான்கு நாள் போகக் கூடாதா? துணையோடும் முன்னறிவிப்போடும் போவது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல் நல்லது. வீட்டில் சொல்லி, கல்லூரியில் சொல்லி, இறங்கும் ஊரிலும் சொல்லிவிட்டுப் போகும் பயணத்தில் அஞ்ச ஒன்றுமில்லை.

கரையில் நடப்பதால் என்ன ஆகிவிடும் என்று ஐயுறுவோர்க்கு அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து என்ற ஊர் வரை 297 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பழைய கால்வாய் உண்டு. செசபீக்-ஒகையோ கால்வாய் என்பது அதன் பெயர். அங்கே கோவேறு கழுதைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்தன. 1924-இல் வெள்ளம் சிதைத்ததோடு படகுப் போக்குவரத்து நின்றது. பிற்காலத்தில் அக்கரையை மோட்டார்ச் சாலையாக்கத் திட்டமிட்டபோது ஒரு பெரிய நாளேடு அதை ஆதரித்து எழுதியது. உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், "என்னோடு அக்கரையில் நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்" என்ற பொருள்பட அந்த ஏட்டின் ஆசிரியர்களுக்குப் பகிரங்கக் கடிதம் விடுத்தார். 1954 மார்ச்சில் நடைப்பயணம் தொடங்கியது. முழுத் தொலைவையும் நடந்து முடித்தவர்கள் ஒன்பது பேர்தான். ஆனால் நாளேடு தன் கருத்தை மாற்றிக்கொண்டது, சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971-இல் அக்கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆயிற்று. இன்று மக்கள் அக்கரையில் நாட்கணக்கில் மிதிவண்டிப் பயணம் செல்கின்றனர்.

நம்மிடம் நீதிபதி இல்லாமல் இருக்கலாம். மாணவர்கள் இருக்கிறோம். நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. ஆகவே என் வேண்டுகோள் இது. ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறைக்குப் பின் நம் கல்லூரியிலிருந்து ஒரு மாணவர் குழு இக்கரையில் மிதிவண்டிப் பயணம் போக வேண்டும். கரை எங்கே நலமாக உள்ளது, எங்கே உடைந்தது, எங்கே வேலி புதிதாக முளைத்தது, எங்கே குடிநீர் கிடைக்கும், எங்கே படகு உதவும் என்று எழுதி நூலகத்தில் வைக்க வேண்டும். அடுத்த ஆண்டுக் குழு அதைப் படித்துவிட்டுப் போய்த் திருத்தி எழுத வேண்டும். பத்து ஆண்டுகளில் அந்த ஏடு அரசு அலுவலகங்களும் கேட்டு வாங்கும் ஆவணமாகும் என்பது என் உறுதியான நம்பிக்கை. நடப்பவர் இல்லாத பொதுவழி முதலில் முள்ளுக்குச் சொந்தமாகும், பிறகு வேலிக்குச் சொந்தமாகும். அப்புறம் அங்கே வழி இருந்தது என்று சொல்லவும் ஆள் இருக்காது.

இதைத் தள்ளிப்போட முடியாது என்பதற்கு என் வீட்டிலேயே காரணம் இருக்கிறது. தாத்தாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. மாலையில் நோட்டுப்புத்தகத்தோடு அருகில் உட்கார்ந்தால், கண்ணை மூடிக்கொண்டு கரையை ஒவ்வொரு வளைவாகச் சொல்லுகிறார். எங்கே புளியமரம், எங்கே கதவணை, எங்கே கயிற்றைக் கைமாற்றி இறங்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன். பதினாறு பக்கம் ஆகியிருக்கிறது. இன்னும் எண்ணூரைத் தாண்டவில்லை. அவரோடு கயிறிழுத்தவர்களில் எங்கள் ஊரில் இப்போது உயிரோடு இருப்பவர் அவர் ஒருவரே.

நண்பர்களே, வரும் தை மாதம் நாங்கள் ஐவரும் புறப்படுகிறோம். பொருள்கள் பையில் பாதிகூட இல்லை. ஆனால் பழவேற்காட்டிலிருந்து மரக்காணம் வரை எந்த ஊரில் யாரைப் பார்க்க வேண்டும் என்பது ஏட்டில் இருக்கிறது. எந்தக் கரையில் போகப் போகிறோம் என்று தாத்தா இன்று கேட்டால் எங்களால் விடை சொல்ல முடியும்: முதல் நாள் கிழக்குக் கரை, உடைப்பு வந்ததும் படகேறி மேற்குக் கரை.

உங்கள் ஊரிலும் ஒரு கால்வாயோ ஏரிக்கரையோ பழைய வண்டிப்பாதையோ இருக்கும். அதில் நடந்த ஒரு தாத்தாவோ ஆயாவோ இருப்பார்கள். பயணப் பையை எடுப்பதற்கு முன் அவர்கள் அருகில் போய் உட்காருங்கள். கரை தெரிந்து புறப்படுவோம்!